அடுப்பில் எரியும் அமானிதம்

 

சென்ற ஷவ்வால் மாதத்தில் எங்கள் மஹல்லாவில் நடைபெற்ற ஒரு வலீமா விருந்துக்கு, மதரஸாவில் ஓதும் பிள்ளைகள் சிலரை அழைத்துச் சென்றிருந்தோம். பந்தலுக்குப் பின்புறம் பண்டாரி மூன்று தேக்சாக்களை அடுப்பில் ஏற்றியிருந்தார். அவற்றைச் சுற்றிச் சிவப்பு நிறச் சிலிண்டர்கள் எட்டோ ஒன்பதோ நின்றன. தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கேட்டு வாங்கியவை. எது யாருடையது என்று தெரிவதற்காகச் சாக்பீஸால் அவற்றின்மீது வீட்டுப் பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள். சாப்பிட்டுக் கைகழுவித் திரும்பும்போது ஹிஃப்ழு வகுப்புப் பிள்ளை ஒருவன் கேட்டான்: "ஹஜ்ரத், இந்தச் சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும்தானே கொடுக்கிறார்கள்? விருந்துக்கு எரிக்கலாமா?"

பிறகு சொல்கிறோம் என்று அவனை அனுப்பிவிட்டோம். பதில் தெரியாமல் அல்ல. அந்த நேரத்தில் எங்கள் மதரஸாவின் சமையற்கட்டில் எரிந்துகொண்டிருந்ததும் உஸ்தாதுமார்களின் வீட்டு இணைப்பில் வாங்கிய சிலிண்டர்தான். அதில் ஒன்று எங்கள் பெயரிலேயே இருந்தது.

அந்தக் கேள்வியை இங்கே எழுத்தில் எடுத்துக்கொள்கிறோம். முதலில் அந்த உருளைக்குள் இருப்பது என்ன, அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

சமையல் எரிவாயு என்பது புரோப்பேன், பியூட்டேன் என்ற இரு வாயுக்களின் கலவை. பூமிக்கடியிலிருந்து இயற்கை எரிவாயுவை எடுத்துப் பிரிக்கும்போதும், கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும் அது கிடைக்கிறது. அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கி உருளையில் அடைக்கிறார்கள். நம் நாட்டுக்குத் தேவையான சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய 60 விழுக்காடு வெளிநாட்டிலிருந்து வருகிறது. கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதிதான். எரிவாயுவின் பெரும் பகுதி சவுதி அரேபியா, ஐக்கிய அமீரகம், கத்தார், குவைத் ஆகிய நாடுகளிலிருந்து ஹோர்முஸ் நீரிணையைக் கடந்து, எண்ணூர், மங்களூரு போன்ற துறைமுகங்களில் வந்து இறங்கியிருக்கிறது. சவுதி அராம்கோ மாதந்தோறும் அறிவிக்கும் ஒப்பந்த விலையைப் பார்த்தே இங்கே விலையைக் கணக்கிடுகிறார்கள்.

இந்த ஊர்ப் பெயர்களை நம் பெண்மக்கள் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர். கணவர், அண்ணன், மகன் என்று யாரேனும் ஒருவர் அங்கே இருக்கிறார். 1908இல் ஈரானில் மஸ்ஜிதே சுலைமான் என்னும் இடத்திலும், 1932இல் பஹ்ரைனிலும், 1938இல் சவுதியின் தம்மாமிலும் குவைத்தின் புர்கானிலும் எண்ணெய் பீறிட்டது. அதுவரை முத்துக் குளித்தும், ஒட்டகம் மேய்த்தும், ஹாஜிகளுக்குப் பணிவிடை செய்தும் வாழ்ந்த கரைகள் அவை. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்த பிறகு அங்கே எழுந்த கட்டடங்களுக்கும் ஆலைகளுக்கும் கைகள் தேவைப்பட்டன. நம் ஊர்களிலிருந்து ஆண்கள் கப்பலும் விமானமும் ஏறினார்கள். நம் தெருக்களில் மாடி வீடுகள் எழுந்தன. பள்ளிவாசல்களுக்குப் பளிங்குத் தரை வந்தது. ஆக, எண்ணெய்க் கிணறு நம் வீட்டுக்கு இரு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது: சம்பளமாக ஒருமுறை, சிலிண்டராக மற்றொரு முறை.

பிரியாணித் தேக்சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி விளைந்த வயலுக்கு இட்ட யூரியா, இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்த ஹைட்ரஜனைக் கொண்டு செய்யப்பட்டது. அதை ஏற்றி வந்த லாரி டீசலில் ஓடியது. அது ஓடிய தார்ச்சாலை எண்ணெயின் கசண்டு. விருந்துக்கு வந்த பெண்களின் பாலியெஸ்டர் புர்கா, மணமகனுக்கு அன்பளிப்பாக வந்த தொழுகை விரிப்பின் செயற்கை இழை, நம் கையில் உருளும் பிளாஸ்டிக் தஸ்பீஹ் மணி ஆகிய எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் அதே கிணறுதான். சஹனுக்கு அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அப்படியே. உணவு மேசையில் விரிக்கும் அந்தத் தாள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. நம் விருந்துகளில் அது இன்னும் சுருள் சுருளாக வருகிறது. (இதைப் பற்றிப் பேசினால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.)

இனி மார்க்கம் சொல்வதற்கு வருவோம்.

எண்ணெய் நம் முன்னோருக்குப் புதிய பொருள் அன்று. அரபியில் அதற்கு நஃப்து என்று பெயர். மோசுல் அருகே தரையிலிருந்து தார் ஊறுவதைப் பயணி இப்னு ஜுபைர் நேரில் கண்டு எழுதினார். பக்தாதின் குளியலறைகளுக்குத் தார் பூசியிருந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். மருத்துவ மேதை அர்ராஸீ எண்ணெயைக் காய்ச்சி வடித்து, விளக்கெரிக்க உதவும் தெளிந்த எண்ணெய் எடுக்கும் முறையை எழுதி வைத்தார். புழக்கத்தில் இருந்த பொருள் என்பதால் ஃபிக்ஹு நூல்களிலும் அது இடம்பெற்றது. அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் எழுந்தது.

இதற்கு அடிப்படையாக இரண்டு அறிவிப்புகளை மதரஸாவில் ஓதுகிறோம். தண்ணீர், மேய்ச்சல் புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் வருவது ஒன்று. மற்றொன்று அப்யள் பின் ஹம்மால் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. எமன் நாட்டின் மஃரிபிலிருந்து வந்த அவர், அங்குள்ள உப்பளத்தைத் தமக்கு மானியமாகத் தருமாறு கேட்டார். நபியவர்களும் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுந்து சென்றபின், சபையில் இருந்த ஒருவர், தாங்கள் கொடுத்தது வற்றாத நீரூற்றைப் போன்றது என்று விளக்கினார். உடனே அந்த மானியத்தை நபியவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மக்கள் எல்லோரும் போய் அள்ளிக்கொள்ளும் பொருளை ஒரே மனிதருக்குப் பட்டா போட முடியாது என்ற சட்டத்தை அறிஞர்கள் இதிலிருந்து எடுத்தார்கள். இமாம் மாவர்தீ தமது ஆட்சியியல் நூலில், மண்ணுக்கு வெளியே தானாகத் தெரியும் கனிமங்களை வரிசைப்படுத்தும்போது சுர்மாக்கல், உப்பு, தார் ஆகியவற்றோடு நஃப்தையும் சேர்த்திருக்கிறார். இவை பொதுவானவை, யாருக்கும் தனியே மானியம் அளிக்கலாகாது என்பது அவர் முடிவு.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெருப்பில் பங்கு என்பதற்கு, எரியும் நெருப்பிலிருந்து கொளுத்திக்கொள்வது, அதன் ஒளியில் அமர்வது, குளிர் காய்வது என்றே பெரும்பாலான இமாம்கள் பொருள் கொண்டார்கள். ஒருவர் உழைத்து வெட்டிவந்த விறகு அவருக்கே உரியது. ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் துளையிட்டு எடுக்கும் எண்ணெய், தரையில் தானே ஊறிய நஃப்துக்கு நிகராகுமா என்பதிலும் பேச்சு உண்டு. ஆயினும் மாலிக்கி மத்ஹபில் நாட்டின் கனிமங்கள் ஆட்சியாளரின் பொறுப்பில், பொதுநலனுக்காக இருக்க வேண்டும் என்பதே பிரபலமான சட்டம். எந்த வழியாகச் சென்றாலும் வந்து சேரும் இடம் இதுதான்: நெருப்பில் ஏழையின் பங்கை வலியவன் அபகரிக்க இடமில்லை.

அந்தப் பங்கு நம் காலத்தில் எங்கே தெரிகிறது? 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டரில்தான்.

வீட்டு உபயோகச் சிலிண்டரும், கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டரும் ஒரே வாயுவைத்தான் கொண்டிருக்கின்றன. விலைதான் வேறு. வீட்டுச் சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, வணிகச் சிலிண்டருக்கு 18. வரி மட்டும் காரணமன்று. சர்வதேச விலை ஏறும்போது வணிகச் சிலிண்டரின் விலையையும் உடனே ஏற்றுகிறார்கள். வீட்டுச் சிலிண்டரின் விலையை அரசு பிடித்து வைக்கிறது. அந்த இழப்பு எண்ணெய் நிறுவனங்களின் தலையில் விழுகிறது. அதை ஈடுகட்ட 2022 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 22,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025 ஆகஸ்டில் மேலும் 30,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் ஏழைப் பெண்களுக்கான மானியம் இதற்கு வேறாக உண்டு.

இந்தக் கோடிகள் யாருடைய பணம்? தீப்பெட்டி வாங்கும் கிழவியும் சோப்பு வாங்கும் கூலிக்காரரும் செலுத்திய வரிப் பணம். விறகுப் புகையில் கண் எரிந்து நின்ற பெண்கள் புகையற்ற அடுப்புக்கு மாறட்டும் என்பதற்காக அதைச் செலவிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டின் எரிவாயு விநியோக ஒழுங்குமுறை ஆணை, வீட்டுச் சிலிண்டரை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. இணைப்பு வாங்கும்போது நாமும் கையெழுத்திட்டிருக்கிறோம். ஏற்றுக்கொண்ட நிபந்தனைக்குக் கட்டுப்படுவது முஸ்லிமின் கடமை என்பதற்கு நபிமொழி ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. மக்தப் பிள்ளைகளுக்கே தெரியும்.

கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் விளக்கு நிகழ்ச்சியை நம் மிம்பர்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அரசுப் பணி முடிந்து சொந்தப் பேச்சு தொடங்கியதும், பொது நிதியின் எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துத் தம் சொந்த விளக்கை ஏற்றினார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த பயானைக் கேட்டு "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பள்ளிவாசல் சுவரை ஒட்டிய உணவகத்தில் சிவப்புச் சிலிண்டரில் போட்ட தேநீரைக் குடிக்கிறோம். அந்தத் தேநீரைப் பற்றி மட்டும் நமக்கு ஒரு கேள்வியும் எழுவதில்லை. கோழி ஹலாலா என்று விசாரிக்கும் நாம், அதை வேகவைத்த நெருப்பைப் பற்றி விசாரிப்பதில்லை.

இப்படிச் சொன்னபோது எங்களிடம் மூன்று மறுமொழிகள் வந்தன.

"காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம்?" என்றார் ஒருவர். நோன்புக் கஞ்சிக்காக அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி தருகிறது. ஒரு நிர்வாகி அந்த அரிசியை எடுத்துத் தம் கடையில் விற்றால் மஹல்லாவே கொந்தளிக்கும் அல்லவா? குறைந்த விலையில் ஒரு காரியத்துக்காகத் தந்த பொருளை வேறு காரியத்துக்குத் திருப்புவது என்ற வகையில் இரண்டும் ஒன்றே. அரிசியில் தெரியும் மோசடி நெருப்பில் தெரியாமல் போவதற்கு, நெருப்பு எரிந்து மறைந்துவிடுகிறது என்பதைத் தவிர வேறு காரணம் எங்களுக்குத் தோன்றவில்லை.

"அண்டை வீட்டாருக்கு இரவல் கொடுப்பது நன்மையான காரியமாயிற்றே, அல்மாஊன் அத்தியாயம் அதைத்தானே சொல்கிறது?" என்றார் மற்றொருவர். நல்ல கேள்வி. அற்பமான புழங்கு பொருள்களைத் தர மறுப்பதை அந்த அத்தியாயம் கண்டிக்கிறது. சட்டி, வாளி போன்றவை என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கம் தந்தார்கள். பக்கத்து வீட்டில் வாயு தீர்ந்துவிட்டால் அவர்களின் உலையை நம் அடுப்பில் ஏற்றிப் பொங்கித் தருவது அழகான பண்பு. அதைக் கைவிட வேண்டாம். ஆனால் அந்தத் தெருவின் எட்டுச் சிலிண்டர்கள் ஏழை வீட்டு உலைக்குப் போகவில்லை. மண்டப வாடகைக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் தாராளமாகச் செலவிட்ட விருந்துக்குப் போயின. வலீமா நபிவழி; அதன் நெருப்புக்கு உரிய விலையைக் கொடுப்பதால் சுன்னத் குறைந்துவிடாது.

மூன்றாவது மறுமொழிதான் எங்களை வாயடைக்கச் செய்தது. தள்ளுவண்டியில் சமோசா பொரித்து விற்கும் ஒரு சகோதரர் சொன்னார்: "ஹஜ்ரத், அந்தச் சிலிண்டர் வாங்கினால் எனக்கு ஒன்றும் மிஞ்சாது. பணக்கார விருந்தையும் என்னையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்." உண்மைதான். ஆகுமென்று எங்களால் அவருக்குத் தீர்ப்புத் தர முடியவில்லை. ஆகாது என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவும் மனம் வரவில்லை. ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து இத்தகைய சிறு வியாபாரிகளுக்கு வணிக இணைப்பின் வைப்புத் தொகையைக் கடனாகக் கொடுத்து உதவலாம் என்பது எங்கள் கருத்து. 5 கிலோ சிறிய சிலிண்டரும் கிடைக்கிறது. ஹராமைச் சுட்டிக்காட்டும் நாவு, ஹலாலின் கதவைத் திறக்கும் கையோடு சேர்ந்திருக்க வேண்டும்.

சட்டத்தை விட்டு உயிரைப் பற்றியும் சிறிது சொல்கிறோம். விருந்துப் பந்தலில் துணிக்கும் ஓலைக்கும் நடுவே பல சிலிண்டர்களைக் குழாயால் பிணைத்து எரிப்பதையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வாயுவை மாற்றுவதையும் கண்டிருக்கிறோம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய் மறையாது. தரையில் படர்ந்து, பள்ளத்தில் தேங்கி, பொறி வரும்வரை காத்திருக்கும். அதற்கு இயல்பில் மணம் கிடையாது. கசிவை நாம் அறிவதற்காகவே துர்நாற்றமுடைய மெர்காப்டான் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த வாடை வந்தால் மின்சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி, 1906 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்துபோனதைக் கேள்வியுற்ற நபியவர்கள், உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடுமாறு கட்டளையிட்டதாக புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுப்பவர் இந்த நபிவழியைப் பேணியவர் என்றே கருதுகிறோம்.

சிக்கனத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் பேச்சு உடனே பெண்களை நோக்கித் திரும்பிவிடும். பருப்பை ஊறவையுங்கள், மூடி போட்டு வேகவையுங்கள் என்று ஆண்கள் அறிவுரை சொல்வார்கள். நியாயமன்று. ஒரு மாதம் முழுவதும் அடுப்படியில் மிச்சப்படுத்திய வாயுவை ஒரே விருந்தில் காலி செய்பவர்கள் ஆண்கள். எண்ணெய்க் கிணறுகளிலோ நிலைமை இன்னும் பெரிது. எண்ணெயோடு சேர்ந்து வரும் எரிவாயுவைப் பிடித்து வைக்க வசதி செய்யாமல், இராக்கிலும் ஈரானிலும் இரவு பகலாகக் கொளுத்தி விடுகிறார்கள். உலகில் அதிகமாக வாயுவை இப்படி வீணடிக்கும் நாடுகளின் வரிசையில் இரண்டும் முன்னணியில் இருக்கின்றன. ஒளூவுக்கு இரு கையளவு நீரைப் போதுமாக்கிக்கொண்ட நபியின் உம்மத் வாழும் நிலங்கள் அவை. நம் பக்கத்திலும் நாகூருக்கு அருகே நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள். 2017இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மாதக்கணக்கில் அமர்ந்ததும், 2020இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்ததும் நினைவிருக்கும். நெருப்பு வேண்டும் என்று கேட்கும் நாம், அதை எடுக்கும் மண்ணில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டியவர்கள்.

எங்கள் மதரஸாவின் கதைக்குத் திரும்புகிறோம். பொருளாளரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் முதலில் சிரித்தார். பிறகு, ஓதும் பிள்ளைகளின் கஞ்சிக்குமா இந்தப் பேணுதல் என்று சற்றுக் கோபித்தார். பிள்ளைகளின் கஞ்சி என்பதால்தான் என்றோம். இரண்டு கூட்டங்கள் நடந்தன. எரிவாயு விநியோகஸ்தரிடம் நேரில் சென்று, எங்கள் சமையற்கட்டுக்கு உரிய இணைப்பு எது என்று கேட்டு, மதரஸாவின் பெயரிலேயே விண்ணப்பித்தோம். மாதச் செலவு கூடியிருக்கிறது. அந்தக் கூடுதல் தொகையை, கத்தாரின் ராஸ் லஃபானில் எரிவாயு ஆலையில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் இவ்வாண்டுக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறார். எரிவாயுவில் ஈட்டிய சம்பளம் எரிவாயுவுக்கே போகட்டும் என்று குரல் செய்தியில் சொல்லிச் சிரித்தார்.

கேள்வி கேட்ட பிள்ளையிடம், அவன் கேட்டது சரி, தவறு எங்களிடம்தான் இருந்தது என்று வகுப்பிலேயே சொன்னோம். அவன் அதோடு விடவில்லை. "இவ்வளவு வருஷம் எரித்ததற்கு என்ன செய்வது, ஹஜ்ரத்?" என்றான். உரியவரிடம் திருப்பிச் சேர்க்க இயலாத பொருளை, நன்மையை எதிர்பாராமல் பொது நலனுக்கோ ஏழைகளுக்கோ கொடுத்துவிட வேண்டும் என்பது அறிஞர்கள் காட்டும் வழி. அதன்படி இரு விலைகளுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கணக்கிடத் தொடங்கியிருக்கிறோம். எத்தனை ஆண்டுகள், ஆண்டுக்கு எத்தனை உருளைகள் என்பது பாதிதான் எழுத்தில் இருக்கிறது. மீதிக்குப் பொருளாளர் பழைய ரசீதுகளை அலமாரியில் தேடிக்கொண்டிருக்கிறார்.